அரை மணி நேரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் புரிந்துவிடுமா? அக்காவிடம் சில கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தின் இந்த மாதக் கேள்வி நேரத்தில் பதில் சொன்னவர், உடற்குறையுள்ளோர் உரிமை பற்றி சிங்கப்பூரில் பேட்டை பேட்டையாகச் சுற்றிவரும் ஒரு விழிப்புணர்வுக் கண்காட்சிக் குழுவில் நெடுநாளாக இருப்பவர். சமூக மன்றம், புளோக் கீழ்த்தளம், பள்ளி, கோயில் மண்டபம் என்று ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று நாள் தங்கி அடுத்த இடத்துக்கு நகரும் கண்காட்சி அது. சிறுவயதில் போலியோ வந்ததால் இவர் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறார். எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவதால் இங்கேயும் அப்படியே. கேள்விகள் வந்த வரிசையில்:

ஈசூன்வாசி: அக்கா, நம் நாட்டில் சலுகை அட்டை, மானியம், லிஃப்ட் எல்லாம்தான் இருக்கிறதே. பேட்டை பேட்டையாகப் போய் உரிமை என்று பேச என்ன மிச்சம் இருக்கிறது? தப்பாக நினைக்க வேண்டாம்.

அக்கா: தப்பாக நினைக்கவில்லை. எந்தப் பேட்டையில் கண்காட்சிப் பலகையை விரித்தாலும் முதலில் வருவது இந்தக் கேள்விதான்.

1987இல் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியபோது ஊரே போய் ஏறிப் பார்த்தது. என்னைப் போன்றவர்கள் போகவில்லை. நிலையத்துக்குள் இறங்க லிஃப்ட் கிடையாது. செலவு கட்டுப்படியாகாது என்பது அன்றைய பதில். பிறகு மனம் மாறி, ஓடிக்கொண்டிருந்த நிலையங்களை இடித்துக் குடைந்து லிஃப்ட் வைத்தார்கள். 2003இல் திறந்த வடகிழக்குத் தடத்தில்தான் தொடக்கத்திலிருந்தே எல்லா நிலையத்திலும் வழி இருந்தது. பொதுப் பேருந்துகள் அத்தனையும் சக்கர நாற்காலி ஏறக்கூடியவையாக ஆனது 2020 கடைசியில். இன்று அந்த லிஃப்ட் வாசலில் போய்ப் பாருங்கள். தள்ளுவண்டியில் குழந்தை, பெரிய சூட்கேஸ், முட்டிவலிக்காரப் பாட்டி, சாப்பாட்டுப் பையோடு டெலிவரி தம்பி. எல்லோருக்கும் பின்னால் நான் நிற்கிறேன். யாருக்காக இடித்தார்கள் என்றே மறந்துபோய்விட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. முதலிலேயே எங்களைக் கேட்டிருந்தால் இரண்டு முறை செலவு செய்திருக்க வேண்டாமே என்பதுதான் என் வாதம்.

சலுகை கொடுப்பவர் மனம் வைத்தால் வரும். உரிமை இருந்தால், இல்லாத இடத்தில் நின்று "ஏன் இல்லை?" என்று கேட்கலாம். உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கை 2006இல் வந்தது. சிங்கப்பூர் 2012 நவம்பரில் கையெழுத்திட்டு, 2013 ஜூலையில் உறுதி செய்தது. அதன் 8ஆம் பிரிவு விழிப்புணர்வைப் பற்றியது. மக்களிடம் போய் எடுத்துச் சொல்வது அரசாங்கத்தின் கடமை என்கிறது. ஆக நாங்கள் சுற்றுவது ஏதோ பொழுதுபோகாமல் இல்லை.

இன்னொன்று. 1980இல் கனடாவின் வினிபெக் நகரில் ஓர் உலக மறுவாழ்வு மாநாடு. பேச வந்திருந்த மருத்துவர்களும் அதிகாரிகளும் பெரும்பாலும் உடற்குறை இல்லாதவர்கள். பேராளர்களில் பாதிப்பேர் எங்களில் ஒருவராக இருக்க வேண்டும் என்று அங்கே வந்திருந்த உடற்குறையுள்ளோர் கேட்டதற்கு முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சரி, எங்களுக்கு நாங்களே ஓர் அமைப்பு வைத்துக்கொள்கிறோம் என்று வெளியே வந்தார்கள். அதன் முதல் உலக மாநாடு 1981இல் நடந்தது எங்கே தெரியுமா? இங்கே, சிங்கப்பூரில். முதல் தலைவர் ரான் சந்திரன்-டட்லி, பார்வை இழந்த சிங்கப்பூரர். 1986இல் இங்கே உடற்குறையுள்ளோர் சங்கம் உருவானதிலும் அவர் கை உண்டு. இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தால் எங்கள் பலகைகளில் ஒன்று மிச்சமாகும்.

புக்கிட் பாத்தோக் அண்ணன்: என் அம்மாவுக்கு, உடற்குறையுள்ளோருக்கான இடத்தில் கார் நிறுத்தும் லேபிள் எடுக்க வேண்டும். எங்கே போவது?

அக்கா: எஸ்ஜி எனேபள். உடற்குறையுள்ளோருக்கான சேவைகளைக் கவனிக்கும் அமைப்பு அது. விண்ணப்பத்தில் மருத்துவர் நிரப்பவேண்டிய பகுதியும் உண்டு. ஓட்டுபவருக்கு ஒரு வகை, அழைத்துச் செல்பவருக்கு இன்னொரு வகை. உங்களுக்கு இரண்டாவது.

உட்லண்ட்ஸ் இளையர் குழு: எங்கள் பேட்டையிலும் இப்படி ஒன்று நடத்த ஆசை. ஊர்வலமாக ஐந்தாறு புளோக் சுற்றிவந்து, கடைசியில் கீழ்த்தளத்தில் கண்காட்சி. எங்கிருந்து தொடங்குவது?

அக்கா: ஊர்வலத்தை முதலில் காகிதத்திலிருந்து அடித்துவிடுங்கள். ஒரு கொள்கைக்காக வெளியிடத்தில் கூடுவதற்கும் நடப்பதற்கும் பொது ஒழுங்குச் சட்டப்படி போலிஸ் அனுமதி வேண்டும். ஒரே ஆள் பதாகை பிடித்து நின்றாலும் அது கூட்டம்தான். பேச்சாளர் சதுக்கம், அதாவது ஹோங் லிம் பூங்கா, இதற்கென்றே இருக்கிறது. அங்கே சிங்கப்பூரர்கள் பதிவு செய்துகொண்டு நடத்தலாம், நிரந்தரவாசிகள் கலந்துகொள்ளலாம். வேலை அனுமதியில் இருக்கும் நண்பரைப் பாசத்தோடு அழைத்துப்போய் மாட்டிவிடாதீர்கள். உடற்குறையுள்ளோருக்கு ஆதரவாக நடக்கும் பர்ப்பிள் பரேட் 2013இல் தொடங்கியது ஹோங் லிம் பூங்காவில்தான். அதற்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், பிறகு உங்கள் திட்டத்தைப் போடுங்கள்.

கீழ்த்தளத்துக்கு நகர மன்றத்திடம் இடம் பதிய வேண்டும். சமூக மன்றத்துக்குள் வைத்தால் தலைவலி குறைவு: மழை இல்லை, மின்சாரம் உண்டு, நாற்காலி உண்டு. உண்டியல் குலுக்குவதாக இருந்தால் அதற்குத் தனி அனுமதி. குலுக்காதீர்கள் என்பது என் யோசனை. காசு கேட்ட நொடியில் எதிரே நிற்பவர் கை பாக்கெட்டுக்குப் போகும், காது மூடிக்கொள்ளும்.

இடம் பார்க்கப் போகும்போது மேடையையும் மைக்கையும் கடைசியில் பாருங்கள். முதலில் கழிவறை. சக்கர நாற்காலிக்கான கழிவறை என்று கதவில் படம் இருக்கும், திறந்தால் உள்ளே துடைப்பம், வாளி, போன வருடத்துத் தீபாவளித் தோரணம், சில இடங்களில் துப்புரவு அக்காவின் மதியச் சாப்பாடும் இருக்கும். அல்லது பூட்டியிருக்கும், சாவி வைத்திருப்பவர் டீ குடிக்கப் போயிருப்பார். உரிமை பற்றிப் பேச வந்த என்னை, காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார வைத்த இடங்கள் உண்டு. பெயர் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. குழுவில் எத்தனை பேர் உடற்குறையுள்ளவர்கள்? யாரும் இல்லை என்றால் இப்போதே நிறுத்துங்கள். பேச வருபவர்களுக்குக் கூலி உண்டா? மேடை அமைப்பவருக்கும் பந்தல்காரருக்கும் பணம் கொடுத்துவிட்டு, வீல்சேரில் வந்து ஒரு மணி நேரம் பேசுபவருக்குப் பழக்கூடையும் சால்வையும் போட்டு அனுப்பும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சால்வையை வைத்து டாக்ஸிக்குப் பணம் கட்ட முடியாது.

செங்காங் அம்மா: என் மகனுக்கு நான்கு வயது. ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாமியார் வீட்டில் வெளியே சொல்லாதே என்கிறார்கள். இரண்டு மொழி பேசினால் குழம்புவான், தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசு என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். நான் என்ன செய்ய?

அக்கா: அம்மா, உங்கள் மகனைப் பார்த்தவள் இல்லை நான், பேச்சு சிகிச்சையாளர்தான் அவனுக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஆனால் தமிழைப் பற்றிச் சொல்ல எனக்கு இடம் உண்டு. இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு அதனாலேயே பேச்சு கூடுதலாகத் தாமதமாகும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. மறுபக்கம் யோசித்துப் பாருங்கள். வீட்டில் தாத்தா பாட்டி தமிழில் பேசுகிறார்கள், நீங்கள் அவனிடம் மட்டும் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் பேசுகிறீர்கள். வீட்டுப் பேச்சிலிருந்து அவனை மட்டும் தள்ளி வைத்ததாக ஆகாதா? எந்த மொழியில் உங்களுக்குக் கொஞ்சத் தெரியுமோ அந்த மொழியில் பேசுங்கள். சிகிச்சையாளரிடமும், "வீட்டு மொழி தமிழ், அதை வைத்துத் திட்டம் போடுங்கள்" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால்தான் நடக்கும்.

பள்ளியைப் பற்றி. முன்பெல்லாம் கட்டாயக் கல்விச் சட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு விலக்கு இருந்தது. விலக்கு என்ற பெயரில் வீட்டோடு இருந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும், இன்று அவர்கள் பெரியவர்களாகிவிட்டார்கள். 2019இல் தொடக்கநிலை ஒன்றுக்கு வந்த பிள்ளைகளிலிருந்து அந்த விலக்கு போய்விட்டது. மிதமான, கடுமையான சிறப்புத் தேவை உள்ளவர்களும் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். வழக்கமான பள்ளியா, சிறப்புக் கல்விப் பள்ளியா என்பது மதிப்பீட்டைப் பொறுத்தது. பாலர் பள்ளியிலேயே பேச்சைத் தொடங்குங்கள், ஆறு வயதுவரை தள்ளாதீர்கள்.

மாமியார் விஷயம்: அவர் பயப்படுவது பெரும்பாலும் சொந்தக்காரர்களின் வாய்க்கு. உங்கள் பேட்டைக்கு நாங்கள் வரும்போது அவரை அழைத்து வாருங்கள். என்னோடு பேச வேண்டாம், எங்கள் குழுவில் அவர் வயதில் ஒரு பாட்டி இருக்கிறார், பேரனுக்கு ஆட்டிசம். இருவரையும் காபியோடு ஒரு மேசையில் உட்கார வைத்துவிட்டால் போதும்.

அங் மோ கியோ: அக்கா, கார் லேபிள் விஷயம், என் கணவருக்கு...

அக்கா: எஸ்ஜி எனேபள். மேலே சொல்லியிருக்கிறேன்.

தெம்பனிஸ் ஆசிரியர்: வணக்கம் அக்கா. எங்கள் பள்ளிக்கு உங்கள் கண்காட்சியை அழைக்க விரும்புகிறோம். மாணவர்கள் அரை மணி நேரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க, கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்க ஏற்பாடு செய்ய முடியுமா? பிள்ளைகள் மனதில் ஆழமாகப் பதியும்.

அக்கா: வணக்கம் டீச்சர். வருகிறோம். அந்த இரண்டையும் செய்ய மாட்டோம்.

கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடக்கும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? பயம். பார்வை இழந்த ஒருவர் பல வருடம் பழகிய கோல், காதில் பிடித்த திசை, எம்ஆர்டி நிலையத்தில் கால் உணரும் புடைப்பு ஓடுகள், இதில் எதுவும் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. கட்டை அவிழ்த்ததும் "அப்பாடா, நமக்கு இப்படி இல்லை" என்று மூச்சு விடும். அந்தப் பெருமூச்சை நான் நேரில் பலமுறை கேட்டிருக்கிறேன். வெளிநாட்டில் இதை ஆராய்ந்து பார்த்தவர்களும், இப்படிப்பட்ட பயிற்சிக்குப் பிறகு இரக்கம் கூடலாம், ஆனால் பதற்றமும் கையறு நிலையும் சேர்ந்தே கூடுகின்றன என்று எழுதியிருக்கிறார்கள். இரக்கத்தை நம்பி யாரும் வேலை கொடுப்பதில்லை டீச்சர்.

பொங்கோல் தொண்டூழியர்: இதில் நான் உடன்படவில்லை. நான் தொண்டூழியத்துக்கு வந்ததே கல்லூரியில் ஒருநாள் சக்கர நாற்காலியில் சுற்றியதால்தான். தேக்காவில் கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி வழி நடைபாதையில் போனபோது கடைக்குக் கடை ஒரு படி. அன்றைக்குத்தான் என் கண் திறந்தது. அக்கா சொல்வதுபோல் எல்லோருக்கும் வெறும் பயம் மட்டுமே வருவதில்லை.

அக்கா: தம்பி, நீங்கள் பார்த்தது படியை. நல்லது. படியைப் பார்க்க நீங்கள் நாற்காலியில் உட்கார வேண்டியதில்லை, ஓர் அளவுநாடா போதும். பழைய கடைவீடுகளின் ஐந்தடி வழி ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வோர் உயரத்தில் இருப்பது நடக்கும்போதே காலில் இடறுகிறதே.

பொங்கோல் தொண்டூழியர்: அளவுநாடாவைப் பார்த்து யாருக்கும் கோபம் வராது அக்கா. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இல்லாமல் நான் இன்று சனிக்கிழமைதோறும் வந்து பலகை தூக்க மாட்டேன்.

தெம்பனிஸ் ஆசிரியர்: எனக்கும் அதே எண்ணம்தான். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் ஐநா உடன்படிக்கையைப் படித்துக் காட்டினால் தூங்கிவிடுவார்கள். உடலால் உணர்ந்தால்தான் மறக்க மாட்டார்கள்.

தோ பாயோ ராஜா: நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கண்ணைக் கட்டும் விளையாட்டு ஒன்றில் என்னை "நடுவராக" உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் மோதி விழுந்து சிரித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அந்த வயதில் நானும் சிரிப்பேன். ஆனால் அன்று மாலை எம்ஆர்டி நிலையத்தில் அதே பள்ளியின் பையன் ஒருவன், என்னைக் கேட்காமலே கையைப் பிடித்து எஸ்கலேட்டருக்கு இழுத்துப்போனான். நான் போக வேண்டியது லிஃப்டுக்கு. அவனுக்குக் கிடைத்த பாடம் அதுதான்: இவருக்கு ஒன்றும் முடியாது.

நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் 'இருளில் உரையாடல்' என்று ஒன்று நடந்தது, 1988இல் ஜெர்மனியில் பிறந்த யோசனை. அதுவும் இருட்டுதான், ஆனால் அங்கே உங்களை நடத்திச் செல்பவர் பார்வை இல்லாதவர். வந்தவர் தடுமாறுவார், வழிகாட்டி சாதாரணமாக நடப்பார். அதை நான் ஏற்றுக்கொள்வேன். யார் கையில் திறமை இருக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

அக்கா: ராஜா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் சொல்வேன். தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, உங்களைப் போன்றவர்கள் வேண்டும். உங்களோடு அன்று நாற்காலியில் சுற்றிய மற்றவர்கள் எங்கே? பெரும்பாலும் படம் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள்.

பொங்கோல் தொண்டூழியர்: அது நியாயமில்லாத கேள்வி. உங்கள் பேச்சைக் கேட்டவர்கள் மட்டும் எல்லோரும் வந்துவிட்டார்களா?

அக்கா: வரவில்லை. அதனால்தான் பேச்சோடும் நான் நிறுத்துவதில்லை. ஒவ்வோர் இடத்திலும் கிளம்பும் முன் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு: ஒரு படிக்குச் சரிவுப் பலகை, பூட்டிய கழிவறைக்குத் திறந்த கதவு, லிஃப்ட் வாசலில் குவிந்த சைக்கிள்களை எடுப்பது. டீச்சருக்கு இதோ மாற்று யோசனை. பிள்ளைகளை நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் எங்கள் ஆள் ஒருவர் தலைவர். பள்ளி வாசலிலிருந்து எம்ஆர்டி வரை, கேண்டீன், நூலகம், கழிவறை. அளவுநாடா, கைப்பேசி, குறிப்பேடு. எங்கே தடை, எத்தனை சென்டிமீட்டர், யாரிடம் சொல்ல வேண்டும்: பள்ளியா, நகர மன்றமா, நிலப் போக்குவரத்து ஆணையமா? கடைசியில் பிள்ளைகளே கடிதம் எழுதி அனுப்ப வேண்டும். மூன்று மாதம் கழித்து நாங்கள் திரும்பி வந்து எது மாறியது என்று பார்ப்போம். பதில் வராத கடிதத்தைப் பார்த்துப் பிள்ளைக்குக் கோபம் வரும் பாருங்கள், தம்பி கேட்ட கோபம் அதுதான்.

தெம்பனிஸ் ஆசிரியர்: முதல்வரிடம் பேசுகிறேன். கடிதம் அனுப்புவது என்றால் கொஞ்சம் யோசிப்பார்.

அக்கா: யோசிக்கட்டும். கண் கட்டுத் துணி வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

ஜூரோங் வெஸ்ட்: உங்களைப் பார்த்தால் எங்களுக்கெல்லாம் ரொம்ப ஊக்கமாக இருக்கிறது அக்கா. இத்தனை கஷ்டத்திலும் சிரித்த முகம்!

அக்கா: நன்றி. கேள்வி ஏதாவது?

கோயில் நிர்வாகக் குழு உறுப்பினர்: எங்கள் கோயில் வாசலில் இரண்டு படி. சக்கர நாற்காலியில் வருபவர்களைத் தொண்டர்கள் தூக்கிவிடுகிறார்கள். சரிவு வைக்க இடமில்லை என்கிறார் ஒப்பந்தக்காரர். தெருவில் உருண்ட சக்கரம் உள்ளே வரலாமா என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள்.

அக்கா: தூக்குவதை நிறுத்துங்கள், ஐயா. தூக்குபவர் இடுப்பும் போகும், உட்கார்ந்திருப்பவர் மானமும் போகும். மோட்டார் நாற்காலி என்றால் ஆளைச் சேர்த்துத் தூக்கவே முடியாது.

கணக்கு எளிது. கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதிப்படி இந்த உயரத்துக்குச் சரிவு 1:12க்கு மேல் செங்குத்தாக இருக்கக்கூடாது. ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு படிக்கு 30. பன்னிரண்டால் பெருக்கினால் 3.6 மீட்டர் நீளம். நேராக இடமில்லை என்றால் சுவரை ஒட்டித் திருப்பலாம், பக்கவாசலில் வைக்கலாம். பக்கவாசல் என்றால் அது எப்போதும் திறந்திருக்க வேண்டும். சாவிக்காரரைத் தேடி ஆள் அனுப்பும் கதை வேண்டாம். குடமுழுக்குத் திருப்பணி எப்போது என்று பாருங்கள். அப்போது எப்படியும் இடிக்கப்போகிறீர்கள், வரைபடத்திலேயே சேர்த்துவிட்டால் செலவு தெரியாது.

சக்கரம்: வாசலில் ஒரு குழாய், ஒரு துணி, துடைத்துவிட ஒரு தொண்டர். அல்லது கோயிலே உள்ளே மட்டும் உருளும் நாற்காலி இரண்டு வாங்கி வைக்கலாம். ஆனால் பலருக்கு நாற்காலி மாறி உட்கார முடியாது, அதனால் துணியும் குழாயும் கட்டாயம் வேண்டும். என் கால் எனக்கு அதுதான். எல்லோரும் கால் கழுவிவிட்டு வருகிறார்கள், நானும் கழுவிவிட்டு வருகிறேன்.

கழிவறையையும் பார்த்துவிடுங்கள். தைப்பூசத்தன்று அதை அன்னதானப் பாத்திரம் அடுக்கும் அறையாக்காதீர்கள்.

கிளமெண்டி: சலுகை அட்டை, கார் லேபிள் இரண்டுக்கும் ஒரே படிவமா?

அக்கா: இல்லை. எஸ்ஜி எனேபள். அடுத்து இதே கேள்வியைக் கேட்பவரை எங்கள் குழுவில் பலகை தூக்கச் சேர்த்துக்கொள்வேன்.

ஒரு கட்டுமான ஊழியர், காக்கி புக்கிட்: அக்கா, நான் புதுக்கோட்டை. வேலையில் மிஷினில் கை மாட்டி இரண்டு விரல் போய்விட்டது. முதலாளி ஊருக்குப் போய்விடு, டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்கிறார். எனக்கும் சலுகை அட்டை கிடைக்குமா?

அக்கா: தம்பி, இதை முதலில் படியுங்கள், மற்றவர்கள் காத்திருக்கட்டும்.

அந்த அட்டை சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும். உங்களுக்கு வேண்டியது வேறு: வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம். யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையில் காயம்பட்டது போதும். வேலை அனுமதியில் இருப்பவருக்கும் அது பொருந்தும். வேலை அனுமதி ரத்தானாலும் கோரும் உரிமை போகாது. விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். காயம் ஆறி நிலைப்பட்ட பிறகு, நிரந்தர இழப்பு எத்தனை சதவீதம் என்று மருத்துவர் மதிப்பிடுவார். அதை வைத்துத்தான் தொகை. மருத்துவச் செலவும் விடுப்புச் சம்பளமும் தனி. இதே சட்டத்தில் கோருவது ஒரு வழி, வழக்கு போடுவது இன்னொரு வழி. இரண்டிலும் பணம் வாங்க முடியாது.

டிக்கெட்டை வாங்கிக்கொண்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மருத்துவச் சான்று, விடுப்புச் சான்று, விபத்து நடந்த இடத்தின் படம், கூட இருந்தவர்களின் எண் எல்லாவற்றையும் கைப்பேசியில் எடுத்து, ஊரில் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். மனிதவள அமைச்சில் புகார் செய்யுங்கள். தனியாகப் போகத் தயக்கம் என்றால் டிடபிள்யூசி2, ஹோம் என்று வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் அமைப்புகள் இருக்கின்றன, கட்டணம் இல்லை.

ஊருக்குப் போன பிறகு: இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது, அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடும் அதில்தான். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும், மாவட்ட மருத்துவக் குழு முடிவு செய்யும். இரண்டு விரலுக்கு அது எட்டுமா என்பது எந்த விரல், எவ்வளவு என்பதைப் பொறுத்தது. இங்கே முடிக்க வேண்டியதை இங்கே முடித்துவிட்டுப் போங்கள்.

பிடோக் பட்டதாரி: எனக்குக் காது கொஞ்சம் மந்தம், கருவி வைத்திருக்கிறேன். நேர்காணலில் சொல்லலாமா? சொன்னால் வேலை போகிறது. புதுச் சட்டம் காப்பாற்றுமா?

அக்கா: வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. உடற்குறையைக் காட்டி வேலை மறுக்கக்கூடாது என்ற பட்டியலில் கேள்திறன் குறையும் வரும். எனக்கு இதில் இரண்டு குறை. 25 பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு முதல் கட்டத்தில் விலக்கு. நம்மவர்கள் பலர் வேலை பார்ப்பது அப்படிப்பட்ட இடங்களில்தான். அப்புறம், வேலை செய்ய வசதி செய்துகொடுப்பதை, உங்களுக்கானால் கூட்டங்களில் எழுத்து வடிவம் காட்டுவது போன்றதை, அந்தச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அதற்கு வழிகாட்டிக் குறிப்போடு நிற்கிறார்கள்.

சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. சொல்வதாக இருந்தால் தேவையாகச் சொல்லுங்கள்: "தொலைபேசியைவிட மின்னஞ்சல் எனக்குத் தெளிவு, கூட்டத்தில் முகம் பார்த்து உட்கார இடம் வேண்டும்." முதலாளி தயங்கினால், உடற்குறையுள்ளவரை வேலைக்கு வைத்தால் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் ஈடு செய்யும் திட்டம் 2021இலிருந்து இருக்கிறது, மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குக் கீழே இருந்தால். இதைத் தெரியாத முதலாளிகள் நிறைய. 2030க்குள் வேலை செய்யும் வயதில் உள்ள உடற்குறையுள்ளோரில் 40 சதவீதம் பேர் வேலையில் இருக்க வேண்டும் என்று அரசாங்கமே இலக்கு வைத்திருக்கிறது. நீங்கள் கேட்பது தர்மம் இல்லை.

வடிவமைப்பாளர், சிராங்கூன்: உங்கள் கண்காட்சிக்குத் தமிழ்த் துண்டறிக்கை இலவசமாகச் செய்து தருகிறேன். அழகான எழுத்துருக்கள் வைத்திருக்கிறேன்.

அக்கா: மிக்க நன்றி, அந்த அழகான எழுத்துரு யூனிகோடா? இல்லையென்றால் வேண்டாம். பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் கண்ணுக்குத் தமிழ். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் ராஜாவின் திரைபடிப்பானுக்கு அது ஆங்கில எழுத்துக் குப்பை. எல்லாவற்றையும் ஒரே படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதிலிருந்து அவருக்கு ஒன்றுமே கேட்காது. கோயில் அழைப்பிதழ், சங்க அறிவிப்பு, மரணச் செய்தி வரை நம்மவர்கள் படமாகத்தான் அனுப்புகிறார்கள்.

தோ பாயோ ராஜா: உண்மை. ஒரு நண்பரின் அப்பா இறந்த செய்தி எனக்குப் பூப்படம் என்று வந்தது. என்விடிஏ என்ற இலவசச் செயலி தமிழை வாசிக்கும். எழுத்தாக அனுப்பினால் போதும்.

அக்கா: படத்தோடு அதே வாசகத்தை கீழே தட்டச்சு செய்து அனுப்புங்கள். கூடுதலாக அரை நிமிடம். அடர்த்தியான பின்னணியில் மஞ்சள் எழுத்து, சாய்வெழுத்து, நுணுக்கிப் போட்ட நிகழ்ச்சி நேரம், இவற்றையும் விட்டுவிடுங்கள். என் வயதுக்காரர்களுக்கும் தெரியவில்லை.

சுவா சூ காங்: காது கேளாதவர்களுக்குத் தமிழ் சைகை மொழி வகுப்பு இங்கே உண்டா?

அக்கா: இங்கே பயன்படுவது சிங்கப்பூர் சைகை மொழி, எல்லா இனத்தவருக்கும் அதுவே. சிங்கப்பூர் காது கேளாதோர் சங்கம் வகுப்பு நடத்துகிறது. போய்ச் சேருங்கள்.

ஹவ்காங்: அக்கா, கார் லேபிள்...

அக்கா: சனிக்கிழமை காலை எட்டு மணி. கையுறை கொண்டு வாருங்கள், பலகையின் விளிம்பு கூர்மை.

பொங்கோல் தொண்டூழியர்: நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அக்கா: பதிவாகிவிட்டது. உங்கள் வேன்தானே வருகிறது? பின்பக்க லிஃப்ட் போன வாரம் பாதியில் நின்றது, பார்த்துவிட்டு வாருங்கள்.